பின்மாற்றக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு

எங்கள் சபையில் கல்யாணம் ஆகிற வரைக்கும் எல்லோரும் வாலிபர்தான். அந்தக் கணக்கில் முப்பத்தாறு வயதில் நானும் வாலிபர் கூட்டத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு தெற்கே இருந்து பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தவர்கள். சிலர் என்னை அக்கா என்பார்கள், சிலர் ஆன்ட்டி என்பார்கள். ஆன்ட்டி என்கிறவர்களுக்கு நான் பரிமாறுகிற சபைப் பிரியாணியில் கறித்துண்டு கொஞ்சம் குறைவாகத்தான் விழும்.

சபை என்றால் கோபுரமும் மணியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஹால். கீழே கட்டிங் செக்ஷன் ஓடும், மேலே நாங்கள் பாடுவோம். கட்டட ஓனர் இந்த ஊர்க்காரர், வேறு சாமி கும்பிடுகிறவர், நல்ல மனிதர். "நல்லா கும்பிடுங்க, வேண்டாங்கல. சன்னலை மட்டும் சாத்திக்குங்க" என்பதைத் தவிர எங்கள் மதத்தைப் பற்றி அவர் வேறு கருத்துச் சொன்னதில்லை.

வாலிபர் கூட்டத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. உலகம் இழுத்துக்கொண்டு போகிறது என்று பாஸ்டர் வருத்தப்பட்டார். நானும் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருகிறவள்தான். எனக்குத் தெரிந்து அந்த உலகம் என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட். சரக்கு திங்கட்கிழமை கப்பலுக்குப் போக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஷிப்மென்டைப் பற்றிப் பிரசங்கம் செய்ய முடியாது. அதனால் சபைக்கு வராமல் போனவர்களுக்குப் பாஸ்டர் ஒரே பெயர் வைத்திருந்தார்: பின்மாற்றக்காரர்.

அந்தப் பின்மாற்றக்காரர்களில் முதல் ஆள் என் தம்பி.

அவன் எப்படி அந்தப் பெயரை வாங்கினான் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கம்பெனியில் வேலை நெருக்கியது. கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வர முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிற பையன் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்று பீர் வாங்கினார்கள். இவன் அரை பாட்டில் குடித்துவிட்டு, கசக்கிறது என்று மீதியை வைத்துவிட்டான். குடித்ததைவிட அதை நினைத்து வருத்தப்பட்டதுதான் அதிகம். அடுத்த ஞாயிறு ஷிப்டை விட்டுவிட்டு என்னோடு சபைக்கு வந்தான்.

எங்கள் சபையில் திரும்பி வருகிறவர் சும்மா வந்து உட்கார்ந்துவிட முடியாது. முன்னால் போய் மைக் பிடித்துச் சாட்சி சொல்ல வேண்டும். எங்கே போனேன், என்ன செய்தேன், எப்படித் தூக்கி எடுக்கப்பட்டேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். தம்பியும் போய் நின்றான். வேலைக்குப் போனதைச் சொன்னான். அரை பாட்டில் பீரைச் சொன்னான். முடித்துவிட்டான்.

சபை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் பாவம் பார்த்து மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார். பாஸ்டர், "மனசைத் திறந்து சொல்லு தம்பி, மறைக்காதே" என்றார்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம், யார் முகம் வாடினாலும் அவனால் தாங்க முடியாது. அரை பாட்டில் முழுப் பாட்டில் ஆனது. ஓர் "அல்லேலூயா" எழுந்தது. பீர் பிராந்தி ஆனது. இன்னும் நாலைந்து அல்லேலூயா. பிறந்தநாளுக்குக் குடித்தது தினமும் குடித்ததானது, பிறகு சீட்டாட்டம் வந்தது, சம்பளமெல்லாம் போனது. கடைசியில் "கெட்ட சகவாசம்" என்றான். அது யார், எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. தகரக் கூரை அதிர்ந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மழை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சாட்சியை ஒருவர் வீடியோ எடுத்துச் சபை வாட்ஸ்அப்பில் போட்டார். அது அங்கிருந்து எங்கள் சொந்த ஊர்ச் சபை வாட்ஸ்அப்புக்குப் போனது. ஊரிலிருந்து உடன்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் தம்பிக்குப் பேசி முடித்திருந்தோம். பெண்ணின் அப்பா எங்கள் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "பையன் திருந்திட்டான்னு கேக்கச் சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா திருந்துறதுக்கு முன்னால செஞ்சது ரொம்ப இருக்கே" என்றார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

அவன் சொன்னது முக்கால்வாசி பொய் என்று பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "சாட்சியை மறுக்கக் கூடாது மகளே" என்றார். தம்பி அதற்குப் பிறகு சபைப் படி ஏறவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் நல்ல பாட்டுக்காரன். குளிக்கும்போதும் பாடுவான், துணி அலசும்போதும் பாடுவான். நாங்கள் இருப்பது ஒரே அறை உள்ள லைன் வீடு. அந்த அறையில் பாட்டு நின்றுபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா ஊரிலிருந்து கூப்பிடுவாள். "எட்டி, தம்பி கோயிலுக்கு வந்தானா?" என்பதுதான் முதல் கேள்வி. "இல்லம்மா" என்பேன். அதற்குமேல் அவள் மழையைப் பற்றியோ ஆட்டைப் பற்றியோ பேசிவிட்டு வைத்துவிடுவாள். ஒரே ஒரு ஞாயிறு "வந்தாம்மா" என்று சொல்லிவிட மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். பொய்யாகச் சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் பொய் சொன்ன பலனை ஏற்கெனவே பார்த்திருந்ததால் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் பாஸ்டர் கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரசங்கத்தில் திரும்பமாட்டார்கள், விளையாட்டில்தான் திரும்புவார்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 'திரும்பி வா' என்று ஒரு கூட்டம் ஏற்பாடானது. அதை நடத்தப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். கழுத்தில் விசில், தோளில் ஒரு பெரிய பை, பையில் பலூன், கயிறு, கண்ணைக் கட்டக் கறுப்புத் துணி. அவரைப் பார்த்தால் ஊழியக்காரர் மாதிரியே இல்லை, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மாதிரி இருந்தார்.

முதல் விளையாட்டு பாவ பலூன். ஆளுக்கொரு பலூனைக் காலில் கட்டிக்கொண்டு, அதுதான் நம் பாவம் என்று நினைத்துக்கொண்டு, மிதித்து உடைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தங்கள் பாவத்தை விட்டுவிட்டு அடுத்தவர் பாவத்தை மிதிக்கத் துரத்தினார்கள். இதைச் சபையில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு அவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன இளைய மகனின் கதையை எடுத்தார். "கண்ணுகளா, அப்பன் ஊட்ட உட்டுப்போட்டு தூர தேசத்துக்குப் போறதுன்னா எப்படியிருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க" என்றார்.

யாரும் கண்ணை மூடவில்லை. ஒரு பெண், "நாங்க இப்ப அங்கதான் சார் இருக்கோம்" என்றாள்.

"அப்ப அப்பன் ஊட்டுக்குத் திரும்பிப் போகோணும்னு தோணலீங்களா?"

"தோணுது சார். கிறிஸ்மஸுக்கு டிக்கெட் கெடைக்கல."

"எங்கப்பாதான் சார் பஸ் ஏத்தியே விட்டாரு" என்றான் இன்னொருவன். அவர் பயிற்சியில் இப்படி ஒரு அப்பா வரவில்லை போலிருக்கிறது. அடுத்த விளையாட்டுக்கு விசில் ஊதிவிட்டார்.

அதுதான் பெரிய விளையாட்டு. ஹாலின் ஒரு மூலை தகப்பன் வீடு. அங்கே பாஸ்டரும் பெரியவர்களும் நிற்பார்கள். எதிர் மூலை உலகம், அங்கே வாலிபர்கள். நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு இளைய மகன். இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் கூப்பிடும். சரியான குரலைக் கண்டுபிடித்துத் தகப்பன் வீட்டுக்குப் போகிறவனுக்கு அங்கி போர்த்திப் பரிசு கொடுப்பார்கள். அங்கி என்பது ஏற்றுமதியில் கழித்துப்போட்ட வெள்ளை டவல் கவுன். பரிசு டீ-ஷர்ட் என்றதும் யார் முகத்திலும் ஈயாடவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் டீ-ஷர்ட் தைக்கிறவர்களுக்கு டீ-ஷர்ட் பரிசு. பாஸ்டரின் மனைவி நிலைமையைப் புரிந்துகொண்டு உள்ளே போய்ப் புது டிபன் கேரியர் ஒன்றை எடுத்துவந்து வைத்த பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கதையில் மூத்த மகன் ஒருவன் உண்டு. வீட்டை விட்டுப் போகாதவன், வேலை எல்லாம் செய்தவன், தம்பி திரும்பி வந்ததற்கு விருந்து வைத்ததும் கோபித்துக்கொண்டு வெளியே நின்றவன். அந்த வேஷத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது. விசில் ஊதுகிற வரைக்கும் நான் வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், உள்ளே வரக் கூடாது.

"மூஞ்சியக் கொஞ்சம் கோவமா வெச்சுக்குங்கக்கா" என்ற ஊழியக்காரர், என்னைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குதுங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் இன்னும் முகத்தை மாற்ற ஆரம்பிக்கவே இல்லை.

விளையாட்டு ஆரம்பித்தது. தகப்பன் வீட்டிலிருந்து "மகனே வா, மகனே வா" என்று ஒரே கூப்பாடு. உலகத்தில் இருந்தவர்கள் அப்படியா கூப்பிடுவார்கள்? அவர்களுக்கு இந்த ஊரில் ஒருவனை எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். "பிரியாணி ரெடி!" என்றார்கள். "நாளைக்கு லீவு!" என்றார்கள். "ஞாயிற்றுக்கிழமைக்கு டபுள் சம்பளம்!" என்று ஒருத்தி அடித்தொண்டையில் கத்தினாள். வந்த இளைய மகன்கள் அத்தனை பேரும் நேராக உலகத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஊழியக்காரர் விசிலை வாயில் வைத்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கும் கீழே கட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. டபுள் சம்பளம் என்ற சத்தம் கேட்டு நாலு பேர் படியேறி ஓடி வந்துவிட்டார்கள். ஒடிசாவோ பீகாரோ, ஒரு பையன் வாசலில் நின்ற என்னிடம், "தீதீ, டபுள் மிலேகா?" என்று, டபுள் கிடைக்குமா அக்கா என்று கேட்டான். இது சர்ச் விளையாட்டு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சுவிசேஷம் அறிவிப்பதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் இறங்குகிற அதே படியில் என் தம்பி ஏறி வந்தான். வீட்டுச் சாவியை நான் மறந்து எடுத்து வந்துவிட்டேன். வெளியே பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டு வாங்க வந்திருக்கிறான். "எக்கா, சாவியக் குடு" என்று கையை நீட்டினான். நான் பையில் கைவிட்டுத் தேடுவதற்குள் ஊழியக்காரர் அவனைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, நல்ல சமயத்துல வந்தீங்க, ஒரு ஆள் கொறையுதுங்க" என்று தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவருக்கு இவனைத் தெரியாது. இவனுக்கோ, பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கண்ணைக் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் நிறுத்திவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். எனக்கு அவன் உள்ளே போனது சந்தோஷமாக இருந்தது.

ஹாலில் மற்ற எல்லோருக்கும் அவனைத் தெரியும். உலகத்து மூலை வாயை மூடிக்கொண்டது. தகப்பன் வீட்டு மூலையில் "மகனே" என்று பாஸ்டர் கூப்பிட்டார். இந்தத் தடவை அது விளையாட்டுக் குரல் இல்லை, உடைந்து வந்தது. அவருக்கு என் தம்பி மேல் உண்மையாகவே பிரியம் உண்டு, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. பெரியவர்கள் அழுதுகொண்டே கூப்பிட்டார்கள். எதிரில் கூப்பிட ஆளே இல்லாததால், தம்பி கையால் காற்றைத் துழாவிக்கொண்டு அந்தப் பக்கமே போனான். கட்டிப்பிடித்தார்கள். டவல் கவுனைப் போர்த்தினார்கள். அன்றைய கூட்டத்தில் தகப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான்.

அதோடு விட்டிருக்கலாம். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி இப்ப ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லுவாங்க" என்றார். மைக் வந்தது. ஹாலில் இருந்த போன் எல்லாம் மேலே எழுந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வாசலில் நின்றபடியே கத்தினேன்.

"எல்லாரும் போனக் கீழ வைங்க! போன தடவ வந்தவன என்ன செஞ்சீங்க? கொண்டுவந்த பாவம் பத்தலைன்னு இன்னும் கேட்டு வாங்குனீங்க. அவன் கல்யாணத்தையே கெடுத்தீங்க. இப்ப திரும்பவும் மைக்கா? நான் இங்க வருசக்கணக்கா பாய் விரிக்கேன், அண்டா கழுவுதேன். நீ எப்படி இருக்கன்னு என்னைய ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?"

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தம்பிக்காகத்தான் பேச ஆரம்பித்தேன்.

ஊழியக்காரர் கையைத் தட்டினார். "அட அட அட! மூத்த மகன்னா இதுதானுங்! என்ன ஒரு கோவம், என்ன ஒரு உணர்ச்சி! டிபன் கேரியர் அக்காவுக்குத்தானுங்!" என்றார். எல்லோரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள். நான் நடிக்கவில்லை என்று தெரிந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் தம்பி மைக்கில் பேசினான். "அரை பாட்டில் பீர்தான் குடிச்சேன். கசப்பா இருந்துது, வச்சிட்டேன். பிராந்தி, சீட்டு, மத்ததெல்லாம் நான் சும்மா சொன்னது. நீங்க எல்லாரும் சந்தோசப்பட்டீங்க, அதான் சொல்லிட்டே போயிட்டேன்" என்றான். அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டான்.

ஒரு அல்லேலூயாகூட எழவில்லை. மறுபடி போனைத் தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் சாட்சி ஒரே நாளில் உடன்குடி வரைக்கும் போனது. இந்தச் சாட்சியை யாரும் கீழ்ப்படிக்குக்கூட அனுப்பவில்லை. பாஸ்டர், "உக்காரு தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் சின்னதாக இருந்தது.

பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். அந்தப் பரபரப்பில் விசில் ஊத மறந்துவிட்டார்கள். நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். விளையாட்டு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே போகப் பிடிக்கவில்லை. கைதட்டின அந்த முகங்களோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு அருவருப்பாக இருந்தது. இனி இந்தப் படியில் ஏறக் கூடாது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

கவுனைக் கழற்றிவிட்டுத் தம்பி வெளியே வந்தான். "எக்கா, உள்ள வா."

"நான் வரல. நீ போய்ச் சாப்பிடு. எல்லாரும் ஒனக்காகத்தான் இருக்காங்க."

"நீ வரலன்னா நானும் வீட்டுக்குக் கெளம்புதேன். சாவியக் குடு" என்று மறுபடியும் கையை நீட்டினான்.

சாவி என் கையில்தான் இருந்தது. கொடுத்தால் இறங்கிப் போய்விடுவான், பிறகு எந்த விளையாட்டும் அவனைக் கொண்டுவராது. இரண்டு வருஷமாக நான் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே விஷயம், தம்பி சபைக்குத் திரும்புவது, அந்த வாசலுக்கு உள்ளே இருந்தது. எனக்குப் பிடிக்காமல் போனதும் அங்கேதான் இருந்தது. சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கோபத்தோடேயே உள்ளே போனேன். என் இலையில் யாரோ கறித்துண்டை அள்ளி வைத்தார்கள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "வந்தாம்மா" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு, "நீயும் போனியாட்டி?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அம்மா அதை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "போனேம்மா" என்றேன்.

இப்போது தம்பி ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போவதில்லை. நான் வந்தால்தான் அவனும் வருவான், அதனால் நானும் போகிறேன். பாய் விரிப்பதை நிறுத்திவிட்டேன். ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது நானும் எழுந்து நின்று உதட்டை மட்டும் அசைக்கிறேன். முன்பு தொண்டை வலிக்கப் பாடியவள்தான். இப்போது எவ்வளவு முயன்றாலும் சத்தம் வர மறுக்கிறது. பாஸ்டருக்குத் தெரிந்தால் எனக்காக ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்துவிடுவார்.

போன வாரம் பாட்டின் நடுவில் தம்பி என் பக்கம் குனிந்தான்.

"எக்கா, ஒனக்குச் சத்தமே வரலியே" என்றான்.

"தொண்டை கட்டியிருக்குலே" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். முன்னால் திரும்பி, எனக்கும் சேர்த்துச் சத்தமாகப் பாட ஆரம்பித்தான்.